மூன்றாவது பிளக்

'டமார்!'

ஸ்ரீவராகம் தெருவே ஒரு தடவை குலுங்கியது. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாகப் பறந்தன. எதிர்வீட்டு சுசீலாபாய் பால் பாக்கெட்டும் கையுமாக வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஆரு வெடி போட்டது?"

வெடி இல்லை. ஆதிராவின் பழைய வெள்ளைக் கார். சைலன்சரிலிருந்து கரும்புகை சுருண்டு சுருண்டு வந்தது. வண்டி குளிர்காய்ச்சல் வந்தவனைப் போல நடுங்கிற்று, விக்கிற்று, பிறகு நின்றே போயிற்று. ஆதிரா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

"ஓ, உன் காரா மோளே? அம்பலத்துல கதினா வெடி போட்டாச்சுன்னு நெனச்சு நான் கும்பிட்டுட்டேன்!" என்று சுசீலாபாய் சிரித்தாள். "தெனமும் இப்படி ஒண்ணு போட்டா எனக்கு அலாரம் வைக்கண்டாம்."

ஆதிரா சாவியைத் திருகினாள். வண்டி உறுமியது, மறுபடி விக்கியது, மறுபடி நின்றது.

அவள் கணவன் கிருஷ்ணகுமார் கையில் காப்பி டம்ளரோடு வெளியே வந்தான். ஆரியசாலையில் அவனுக்கு மளிகை மொத்தக் கடை. கடையில் சுமடு இறக்குகிறவர்களிடம்கூட அதட்டிப் பேசாதவன் என்று பெயர். குரல் எப்போதும் வெண்ணெய்தான்.

"பதறாதே. மெல்ல ஸ்டார்ட் பண்ணு."

"மெல்லப் பண்ணினாலும் இதேதாங்க. இன்னைக்கு மாசக் கணக்கு முடிக்கணும். ஆபீஸ்ல ரெம்யா மேடம் ஏற்கெனவே முறைக்கிறாங்க."

அவள் இறங்கி முன்பக்கம் போய்ப் பானெட்டில் கை வைத்தாள்.

"தொடாதே, சூடா இருக்கும்" என்று அவள் கையை விலக்கினான் கிருஷ்ணகுமார். "சாயங்காலம் பிரஜின்கிட்ட கொண்டு காட்டு. இப்போ வா, ஸ்கூட்டர்ல கிழக்கேகோட்டையில விடறேன். பஸ் பிடிச்சுக்கோ."

"பஸ்ஸில போய்ச் சேரும்போது பாதி வேலை நேரம் போயிருக்கும்."

"அதுக்கு நான் என்ன செய்ய? உன்னை வேலைக்குப் போண்டாம்னு நான் சொன்னேனா?" என்று அவன் சிரித்தான். "வண்டியாக்கும் சொல்லுது."

சுசீலாபாயும் சேர்ந்து சிரித்தாள். ஆதிரா கைப்பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினாள்.

கல்யாணத்துக்கு முன் நாகர்கோவிலில் வேலை பார்த்தபோது சொந்தச் சம்பளத்தில் அவள் வாங்கிய கார் அது. பழைய வண்டிதான். ஏசி கிடையாது. மழை பெய்தால் இடது ஜன்னல் ஏறாது. ஆனாலும் முன்பெல்லாம் அவளை ஒருநாளும் வழியில் நிறுத்தியதில்லை. கழக்கூட்டத்தில் மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தபோது, அந்தக் காரை நம்பித்தான் சம்மதம் சொன்னாள். காலையில் வீட்டில் எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு, பைபாஸ் ரோட்டைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்விடலாம். பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும், சமையல் நடக்காது.

வேலையோ தற்காலிகம். கொச்சியில் இருக்கிற தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பேசிப் பார்த்து, பிடித்திருந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள். ஆக்கினால் கணக்குப் பிரிவு முழுக்க அவள் கையில். இல்லாவிட்டால் வீடு.

வீடு என்றால் வீடும் இல்லை, கடை. ஆரியசாலைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தளவாய் சித்திரை மாதம் வேலையை விட்டுப் போய்விட்டார். அன்று இரவு சாப்பாட்டின்போதே கிருஷ்ணகுமார் கேட்டான்: "எதுக்கு வேறே ஒருத்தன் கம்பெனியில போய் கணக்கு எழுதணும்? நம்ம கடையில உட்காரேன்."

"சம்பளம்?" என்று அவள் விளையாட்டாகக் கேட்டாள்.

"சொந்தக் கடைக்குச் சம்பளமா?" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டாள். அவன் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அதுதான் அவனிடம் அவளுக்குப் பிடித்த குணம்.

கார் இப்படி விக்கி விக்கி நிற்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய அப்போதுதான்.

கிள்ளிப்பாலத்தில் பிரஜினின் ஒர்க்‌ஷாப். அவன் அம்மா சாலைத் தெருத் தமிழச்சி, அப்பா மலையாளி. இரண்டையும் கலந்து குழைத்து ஒரு பாஷை பேசுவான். ஆதிரா அன்று மாலை காரைக் கொண்டுபோய் நிறுத்தியதும், பானெட்டைத் தூக்கிவிட்டுக் காதை எஞ்சின் பக்கம் சாய்த்தான்.

"நல்லா ஓடுதே சேச்சி!"

"சாயங்காலம் நல்லாத்தான் ஓடும். காலையில வந்து பாரு, பிசாசு பிடிச்ச மாதிரி ஆடும்."

"அது மிஸ்ஸிங்காக்கும். மூணு சிலிண்டர்ல ஒண்ணு வேலை செய்யாது. மூணு பேரு தூக்கற பல்லக்கை ரெண்டு பேரு தூக்கினா ஆடாதா?"

"எந்தச் சிலிண்டர்னு எப்படித் தெரியும்?"

"கேட்டாச் சொல்லும்."

அவன் கனத்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் பிளக்கின் வயரைப் பிடுங்கினான். வண்டி துடித்தது. மறுபடி செருகினான், அடங்கியது.

"வயரை ஊரும்போது, அதான், பிடுங்கும்போது வண்டி ஆடினா, அந்தச் சிலிண்டர் அதுவரைக்கும் வேலை பார்த்துட்டிருந்ததுன்னு அர்த்தம். ஊரியும் ஒரு மாற்றமும் இல்லைன்னா, அவன்தான் கள்ளன். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கறவன். சேச்சி, வெறும் கையால தொட்டுடாதீங்க, தூக்கி எறிஞ்சிரும்."

இரண்டாவதைப் பிடுங்கினான், ஆடியது. மூன்றாவதைப் பிடுங்கினான், அதுவும் ஆடியது.

"மூணு பேரும் நல்ல பிள்ளைங்க. ஒருத்தனும் கள்ளன் இல்லை."

"அப்போ காலையில ஆடினது?"

"பிளக் பழசு" என்று சொல்லி மூன்று பிளக்குகளையும் மாற்றிக் கொடுத்தான்.

சனிக்கிழமை வண்டி தேன் மாதிரி ஓடியது. திங்கட்கிழமை காலையில் மறுபடியும் 'டமார்!'

இம்முறை பிரஜின் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பெட்ரோல் பில்டரை மாற்றினான். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றான். செவ்வாய், புதன், வியாழன் ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் தெரு முனையைக்கூடத் தாண்டவில்லை.

அன்று ஆதிரா ஒர்க்‌ஷாப்பில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பிரஜின், நான் யோசிச்சுப் பார்த்தேன். திங்களும் வெள்ளியும் மட்டும்தான் இப்படி. மத்த நாள் ஒண்ணும் இல்லை."

பிரஜின் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அப்போ வண்டி விரதம் இருக்கு சேச்சி! திங்கள் சிவனுக்கு, வெள்ளி தேவிக்கு. பட்டினி கிடக்கிற வண்டியை ஓட்டினா பின்னே எப்படி?"

"நான் சிரிக்கிற நிலைமையில இல்லை. வர்ற திங்கட்கிழமை கொச்சியில இருந்து ஆள் வர்றாங்க. என் வேலையே அன்னைக்குத்தான் முடிவாகும்."

பிரஜினின் முகம் மாறியது. "சத்தியமா எனக்குப் புரியலை சேச்சி. கேடுன்னா எப்பவும் இருக்கணும். இது வந்துட்டுப் போகுது. என் கண்முன்னால ஒரு தடவை ஆடினா பிடிச்சிருவேன்."

"அப்போ திங்கட்கிழமை வரைக்கும் வண்டி உன்கிட்டயே இருக்கட்டுமா?"

"தாராளமா" என்றான் அவன்.

ஆனால் அது நடக்கவில்லை. கிருஷ்ணகுமார்தான் வேண்டாம் என்றான்.

"ஞாயிற்றுக்கிழமை கல்லாறு வரைக்கும் போயிட்டு வரலாம்னு இருந்தேன். அம்மாவும் ரொம்ப நாளாக் கேட்கறாங்க. உன் வண்டியிலேயே போகலாம். தூரமா ஓட்டினாத்தான் எஞ்சினுக்கும் நல்லது."

போனார்கள். மாமியார் சிவகாமியம்மாள் பின் சீட்டில், மடியில் புளிச்சோற்றுப் பாத்திரத்தோடு. கிருஷ்ணகுமார் ஓட்டினான். நெடுமங்காடு தாண்டியது, விதுர தாண்டியது, வண்டி ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறியும் பார்த்தார்கள். மூன்று பேரைச் சுமந்துகொண்டு அந்தக் கிழட்டுக் கார் வளைவுகளில் இளசு மாதிரி ஏறியது.

"பார்த்தியா? ஞாயிற்றுக்கிழமைன்னா எவ்வளவு சமர்த்து!" என்றான் கிருஷ்ணகுமார்.

ஆதிரா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். மலையேறத் தெம்பிருக்கிற எஞ்சினுக்கு, ஸ்ரீவராகம் தெருவில் மட்டும் எப்படி உயிர் போகிறது? பிளக் கெட்டிருந்தால் ஏற்றத்தில் காட்டிக் கொடுத்திருக்கும். பெட்ரோல் வராவிட்டாலும் ஏற்றத்தில்தான் திணறும். வேறு ஏதோ ஒன்று. காலையில் மட்டும் வந்து, மத்தியானத்துக்குள் காணாமல் போகிற ஏதோ ஒன்று.

கல்லாற்றங்கரைக் கடையில் தேநீர் குடித்தார்கள். சிவகாமியம்மாள் ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஆதிரா பக்கத்தில் போனதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு உனக்கு நல்லபடியா முடியணும்னு நேர்ந்திருக்கேன் மக்களே. நான்தான் ஒரு ஜோலிக்கும் போகலை. நீயாவது உன் கையால சம்பாரிக்கணும். கேட்டியா?"

ஆதிராவுக்கு நெஞ்சு நிறைந்தது. "கேட்டேன் அத்தை" என்றாள்.

திரும்பி வரும் வழியில் அவள் சொன்னாள்: "நாளைக்கு நான் முதல் பஸ்ஸிலேயே போயிடறேன். காரை நம்ப முடியாது."

கிருஷ்ணகுமார் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "நல்ல புடவை கட்டிட்டு பஸ்ஸில தொங்கிட்டுப் போய், வியர்த்து வழிஞ்சு கொச்சிக்காரங்க முன்னால நிக்கப் போறியா? மலை வரைக்கும் வந்த வண்டி கழக்கூட்டம் வரைக்கும் வராதா? காரிலேயே போ. ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன் இல்லையா?"

அவன் சொன்னான். அவள் நம்பினாள்.

திங்கட்கிழமை காலை. ஆதிரா அடுக்களையில் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டுக் குளித்து, நீலக் கரைப் புடவை கட்டி வெளியே வந்தாள். கிருஷ்ணகுமார் அதற்குள் கடைக்குக் கிளம்பிப் போயிருந்தான். சாவியைத் திருகினாள். வண்டி உடனே பிடித்தது, லேசான நடுக்கம். 'சரியாகிவிடும், சரியாகிவிடும்' என்று சொல்லிக்கொண்டே தெருவைத் தாண்டினாள்.

ஈஞ்சக்கல் சந்திப்பில் பைபாஸ் ஏறும் இடத்தில் வெடித்தது. பின்னால் வந்த லாரி ஹாரனைப் போட்டு அலறியது. வண்டி நான்கு முறை துள்ளி, ரோட்டோரத்துக்கு வந்து நின்றது.

ஆட்டோவுக்குக் கையைக் காட்டினாள். வந்தவை எல்லாம் நிறைந்து வந்தன. போனை எடுத்தாள்.

"பிரஜின், இப்போ ஆடுது! ஈஞ்சக்கல்ல நிக்கறேன்."

"ஐயோ, நான் பாறசாலையில ஒரு வேலையா நிக்கறேன் சேச்சி. வந்து சேர நேரமாகும். ஒண்ணு செய்யுங்க. பானெட்டைத் தூக்குங்க. நான் சொல்லித் தர்றேன்."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, பானெட்டின் கம்பியை நிமிர்த்தி நிறுத்தினாள்.

முதலில் மூக்கில் பட்டது வாசனை. பெட்ரோல் வாசனை இல்லை. சந்தனம்.

"என்ன சேச்சி, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்லை. சொல்லு."

"ஸ்டார்ட் ஆகுதா?"

ஆயிற்று. எஞ்சின் கிடுகிடுவென்று ஆடியது. கைக்குட்டையை நான்காக மடித்துப் பிடித்துக்கொண்டு முதல் வயரைப் பிடுங்கினாள். எஞ்சின் அடங்கப் பார்த்தது. அவசரமாகச் செருகினாள். இரண்டாவது, அதேபோல். மூன்றாவது வயரைப் பிடுங்கினாள்.

ஒரு மாற்றமும் இல்லை.

"மூணாவது, பிரஜின்! மூணாவதுதான்!"

"கிடைச்சான் கள்ளன்! இனி அந்த வயரைப் பிடிச்சுக்கிட்டே பின்னால போங்க. ஒரு கறுத்த மூடியில போய் முடியும். டிஸ்டிரிபியூட்டர். அங்கே இருந்துதான் கரண்டு மூணு பிளக்குக்கும் முறை வச்சுப் போகுது. அங்கே என்ன காணுது?"

அவள் குனிந்தாள். பானெட்டின் நிழலுக்குள் கறுத்த மூடி பளபளத்தது. அதன் தலையில் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. குங்குமம் கரைந்து மூன்றாவது வயரின் அடிவரை சிவப்பாக வழிந்திருந்தது. வயர் இடுக்கில் ஒரு துளசி இலை. 'டிக்... டிக்... டிக்...' என்று சின்னச் சத்தம். நீலப் பொறி ஒன்று ஈரக் குங்குமத்தின் மேல் ஊர்ந்து ஊர்ந்து இரும்பில் போய்ச் செத்துக்கொண்டிருந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்டு.

அவள் எஞ்சினை அணைத்தாள்.

"சந்தனமும் குங்குமமும் இருக்கு பிரஜின்."

மறுமுனையில் சிரிப்பு. "ஓ, அதா? அது நான் பார்த்ததுதான் சேச்சி. ஆயுத பூஜை மிச்சம்னு விட்டுட்டேன். நம்ம ஊர்ல பொட்டு வைக்காத எஞ்சின் உண்டோ? அது காய்ஞ்சு கிடந்தா ஒண்ணும் செய்யாது."

"இது மிச்சம் இல்லை பிரஜின்" என்றாள் ஆதிரா. "இன்னும் ஈரமா இருக்கு. தண்ணி ஊத்தியிருக்கு. சொட்டுது."

சிரிப்பு நின்றது.

"தண்ணியா? அங்கேயா? சேச்சி, அங்கே தண்ணி பட்டா பின்னே வண்டி எப்படி ஓடும்? மத்தியானத்துக்குள்ள எஞ்சின் சூட்டிலே காய்ஞ்சிரும். அதாக்கும் சாயங்காலம் என்கிட்ட வரும்போது நல்ல பிள்ளையா நின்னது! ஆரு சேச்சி இந்த வேலை செஞ்சது?"

திங்களும் வெள்ளியும் அதிகாலையில் கோயிலுக்குப் போய்விட்டுத் தீர்த்தச் செம்போடு திரும்பி வருகிறவள் அந்த வீட்டில் மாமியார் ஒருத்திதான். வாசல்படியில் தெளிப்பாள், துளசி மாடத்தில் தெளிப்பாள். ஆதிரா அடுக்களையில் நிற்கும் நேரம் அது.

அவள் போனை வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்து மூடியைத் துடைத்தாள். வயரைப் பிடுங்கி உள்ளே துடைத்தாள், ஊதினாள், மறுபடி துடைத்தாள். நீலக் கரை சிவப்பாயிற்று. சாவியைத் திருகியதும் வண்டி பூனை மாதிரி உறுமியது.

கழக்கூட்டம் வரை அது ஒரு குறையும் வைக்கவில்லை.

கம்பெனியில் ரெம்யா மேடத்தின் அறைக்குள் அவள் நுழைந்தபோது, கொச்சிக்காரர்கள் எழுந்து போயிருந்தார்கள். மேசையில் காலி டீ கப்புகள் மட்டும் இருந்தன. ரெம்யா அவள் புடவையில் இருந்த கறையையும் கையிலிருந்த கரியையும் பார்த்தாள்.

"காரா?"

"ஆமா மேடம். ஆனா இன்னைக்குக் காரணம் தெரிஞ்சிருச்சு. இனிமே ஒருநாளும்..."

"எத்தனை தடவை இதைச் சொல்லுவே ஆதிரா? நான் நம்பினேன். உனக்காகப் பேசவும் செய்தேன். நேரத்துக்கு வரத் தெரியாத ஒருத்தியை நம்பிக் கணக்கை எப்படி ஒப்படைக்கிறதுன்னு கேட்டாங்க." ரெம்யா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "வேறே ஒரு ஆளைச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. இந்த மாசம் முடியற வரைக்கும் நீ வரலாம். வரலைன்னாலும் தப்பில்லை."

திரும்பி வரும்போதும் கார் அருமையாக ஓடியது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிருஷ்ணகுமார் வந்திருந்தான். சிவகாமியம்மாள் இலைக்கு முன்னால் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள். மருமகளைக் கண்டதும் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னாச்சு மக்களே? கிடைச்சுதா?"

"கிடைச்சுது அத்தை. எல்லாம் கிடைச்சுது." ஆதிரா தலைப்பை விரித்துக் காட்டினாள். "இது என்ன கறைன்னு தெரியுதா? நீங்க என் எஞ்சினுக்கு வச்ச குங்குமம். ஊத்தின தீர்த்தம். அதுதான் ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தியிருக்கு. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் லேட்டாப் போனேன். வேலை போச்சு!"

"போச்சா?" சிவகாமியம்மாளின் கையிலிருந்த கரண்டி நழுவியது. "உனக்கு அந்த வேலை நிலைக்கணும்னுதானே நான்..."

"யாரு கேட்டா? உங்க பூசையை உங்க சாமி அறையோட வச்சுக்கக் கூடாதா? எஞ்சின்ல தண்ணி விட்டா ஓடாதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

சிவகாமியம்மாள் மெல்லத் திரும்பினாள். இலையில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

கிருஷ்ணகுமார் எழுந்து கையைக் கழுவினான். அம்மாவின் தோளில் கை வைத்தான்.

"நீ ஒண்ணும் சொல்லண்டாம் அம்மா. நடந்தது நடந்துபோச்சு." பிறகு ஆதிராவிடம், அதே வெண்ணெய்க் குரலில்: "வயசானவங்க. அறியாம செஞ்சுட்டாங்க. கோபப்படாதே. எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் தடுத்திருக்க மாட்டேனா?"

அவள் விசும்பிக்கொண்டு நின்றாள்.

"ஒரு வழியில பார்த்தா நல்லதுக்குத்தான். எத்தனை நாளைக்கு இந்த ஓட்டம் ஓடுவே? சாலைத் தெருவுல தேங்காய்க்கடை உச்சிமாகாளி ஒரு பழைய கார் வேணும்னு கேட்டுட்டே இருக்காரு. தள்ளிவிட்டுடலாம். நாளைக்கு என்கூடக் கடைக்கு வா. தளவாய் உட்கார்ந்த நாற்காலி சும்மாதான் கிடக்கு."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஸ்கூட்டர் சத்தம் தெரு முனையில் தேய்ந்தது.

சிவகாமியம்மாள் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் பொத்தி, சத்தமே இல்லாமல் அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த ஆதிராவுக்குக் கோபம் வடியத் தொடங்கியது. ஆற்றங்கரையில் தன் கையைப் பிடித்துக்கொண்டு பேசிய மனுஷி. நல்லது என்று நினைத்துத்தான் செய்திருக்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. விடுங்க. அழாதீங்க." முந்தானையை மெல்ல விலக்கினாள். "ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. முன்னாடியெல்லாம் கண்ணாடியில ஒரு பொட்டு வைப்பீங்க, அதோட சரி. திடீர்னு எஞ்சினுக்குள்ள வைக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

சிவகாமியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"எனக்கு அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா மக்களே? அவன்தான் பானெட்டைத் திறந்து வச்சு, 'இந்தக் கறுத்த மூடிமேல ஊத்தும்மா, இதுதான் வண்டிக்கு உயிரு'ன்னு காட்டித் தந்தான். நேத்து கல்லாறு போயிட்டு வந்த பிறகும்கூட, 'நாளைக்கு ஒரு செம்பு கூடுதலாவே ஊத்து, அவளுக்கு முக்கியமான நாளாக்கும்'னு சொன்னான்."